பிள்ளைகள் கற்கும் வழிகளை விரிவுபடுத்துவோம்

(கமுந்திங் வட்டாரத் தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



காலையில் பெய்த மழையினால் வெட்டுத் தாமதமாகி, பிற்பகல் வரையில் வேலைக்காட்டில் நின்றுவிட்டு, குளித்தும் குளியாததுமாக இக்கூட்டத்திற்கு வந்திருக்கின்றீர்கள். பலர் தோட்டத்திலிருந்தும், சிலர் தோட்டம் துண்டாடப்பட்ட பின்னர்க் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் வந்திருப்பதைக் காண்கிறோம். உங்கள் நேரம் அருமையானது என்பதை நாம் அறிவோம். ஆகவே முகவுரையை நீட்டாமல், சென்ற கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுப்பிய வினாவிலிருந்தே தொடங்குகிறோம்.

அவர் கேட்டது இதுதான்: “என் மகன் நாலாம் ஆண்டில் படிக்கிறான். இரவு பாடத்தைக் கையில் எடுத்தால் பத்துத் தடவை வாசிக்கிறான். நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கேட்டால் மடமடவென்று ஒப்பிக்கிறான். பள்ளியில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுவிட்டால் விழிக்கிறான். பிள்ளைக்கு அறிவில்லையா, ஐயா?”

அன்று நேரமின்மையால் ஓரிரு சொற்களில் விடை கூறினோம். அந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பையனுக்கு அறிவு இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. அவனிடம் இருக்கும் கற்கும் வழி ஒன்றே ஒன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கத்தியைக் கொண்டு வெட்டவும், களை எடுக்கவும், விறகு பிளக்கவும் முயல்கின்ற ஒருவரைப் போல அவன் தவிக்கிறான். அவனுக்கு வேறு வழிகளையும் எவ்வாறு பழக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நீங்கள் பால்வெட்டக் கற்றது எப்படி?

கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், “நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?” என்று தோட்ட மக்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இதை நாம் ஏற்பதற்கில்லை. கற்றல் என்பது என்ன என்பதை உங்களைப்போல் அனுபவத்தில் கண்டவர் சிலரே.

நீங்கள் பால்மரம் வெட்டக் கற்ற நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்த நூலைப் படித்தீர்கள்? முதலில் தாயோடும் தந்தையோடும் நிரைக்குப் போய், வெட்டும் கையைக் கண்ணால் பார்த்தீர்கள். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில் இறங்குவதைக் கண்டீர்கள். கத்தி பட்டையைச் சீவும் ஓசை சரியாக இருக்கிறதா என்று காது கேட்டது. ஆழமாய்ப் போனால் கங்காணியாரின் குரலும் கேட்டிருக்கும்! பின்னர்க் கத்தி உங்கள் கைக்கு வந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு வெட்ட வேண்டும் என்பதை விரல் உணர்ந்தது. முதலில் மரத்தைக் காயப்படுத்தினீர்கள். அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, மறுமுறை அதே பட்டைக்குத் திரும்பியபோது உங்கள் பிழையை உங்களுக்கே காட்டியது. பிறகு, புதிதாய் வந்த தம்பிக்கோ மகளுக்கோ நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். சொல்லிக் கொடுத்த அன்றுதான், ஏன் இடமிருந்து வலமாக வெட்டுகிறோம், வேறு மாதிரி வெட்டினால் ஏன் பால் குறைகிறது என்று நீங்களே யோசித்திருப்பீர்கள். (பட்டைக்குள்ளே பால் குழாய்கள் நேர்நிமிர்ந்து செல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாக வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும் என்பதே காரணம்.)

கண், காது, கை, வாய், பிழை, திருத்தம், பிறருக்குக் கற்பித்தல் என இத்தனையும் சேர்ந்தே உங்களை வெட்டுத் தொழிலாளராக ஆக்கின. “இவள் கண்ணால் கற்பவள், ஆதலால் கத்தியைத் தொட வேண்டா” என்று எவரும் உங்களை ஒதுக்கவில்லை.

இந்தத் தொழில் இந்த நாட்டில் பிறந்த கதையும் அத்தகையதே. 1877ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. கன்றுகள் மரமாயின, ஆனால் பால் எடுக்கும் முறையை ஒருவரும் செம்மையாக அறிந்திருக்கவில்லை. பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பார் மரத்தைப் பலவிதமாக வெட்டிப் பார்த்து, அளந்து, குறித்து, பழைய வெட்டின் விளிம்பையே மறுபடி மெல்லச் சீவும் முறையைக் கண்டார். செய்து பார்த்தலும் எழுதிக் குறித்தலும் ஒன்றுகூடியதன் பயன் அது.

திண்ணையிலிருந்து தோட்டப்பள்ளி வரை

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி வெறும் மனப்பாடக் கூடங்கள் என்று ஏளனமாகப் பேசுவோர் உளர். அது முழு உண்மையன்று. அங்கே பிள்ளை எழுத்தை வாயால் உரக்கச் சொல்லியபடியே மணலில் விரலால் எழுதினான். காது கேட்டது, கண் பார்த்தது, விரல் உராய்ந்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். கற்பித்ததால் தானும் கற்றான். ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தாம் நடத்திய ஆதரவற்றோர் பள்ளியில் இம்முறையைப் புகுத்தி, 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவிற்று. நம்மவர் கற்ற வழியை உலகம் கடன் வாங்கியது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். எனினும் அப்பள்ளிகளில் பொருளுணர்தல் பின்தங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. பாட்டை முழுதும் ஒப்பித்த பிள்ளை, அதன் பொருளைக் கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தான்.

மலாயாவில் 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து தமிழ்க்கல்வியின் வரலாறு எண்ணப்படுகிறது. தோட்டங்களில் அது வேரூன்றியது பின்னரே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர், ஒரே கூடம், அதற்குள்ளே எல்லா வகுப்புகளும். ஒரு மூலையில் வாய்பாடு, ஒரு மூலையில் அரிச்சுவடி. அங்குள்ள ஆசிரியருக்குக் கூட்டமாக ஒப்பிக்கச் செய்வதைத் தவிர வேறு வழி எளிதில் கிடைக்கவில்லை. அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. ஆனால் அந்த ஒப்பிக்கும் வழக்கம், காரணம் மறைந்த பின்னும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

அரசாங்கம் இதை உணராமலில்லை. 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு, குழு முறையையும், பின்தங்கியோர்க்குக் குறைநீக்கல் போதனையையும், முந்தியோர்க்கு வளப்படுத்தும் நடவடிக்கைகளையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தது. 2011இல் அதன் இடத்தில் புதிய கலைத்திட்டம் வந்தது. 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் நின்றது. இன்று ஆசிரியர் வகுப்பறையிலேயே பிள்ளை என்ன செய்கிறான், எப்படி விளக்குகிறான் என்று பார்த்துத் தேர்ச்சி நிலை ஒன்று முதல் ஆறு வரை மதிப்பிடுகிறார். ஒப்பிக்க மட்டும் தெரிந்த பிள்ளை இந்த ஏணியில் மேற்படிகளை எட்டுவது கடினம். தந்தையாரின் வினாவிற்கு ஒரு பாதி விடை இதிலேயே இருக்கிறது.

நாம் செய்த பிழை

மறுபாதி விடையைக் கூறுமுன், நம்முடைய பிழை ஒன்றை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில், ‘கற்றல் பாணி’ என்னும் கொள்கை மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்காவில் டன் தம்பதியர் 1970களில் இதை வளர்த்தனர். டேவிட் கோல்ப் 1984இல் தம் கொள்கையை நூலாக்கினார். நியூசிலாந்துப் பள்ளி ஆய்வாளர் நீல் ஃபிளெமிங் 1992இல் மாணவர் விருப்பங்களை நான்காக வகுத்தார்: பார்த்துக் கற்றல், கேட்டுக் கற்றல், வாசித்தும் எழுதியும் கற்றல், செய்து கற்றல். பிள்ளையிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, அவன் எந்த வகை என்று கண்டறிந்து, அந்த வழியிலேயே பாடம் புகட்டினால் அவன் சிறப்பான் என்று நாம் நம்பினோம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்!

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நாலாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுவான். சொன்ன கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். எழுதச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும். வினாத்தாளைக் கொடுத்தோம். ‘செவிவழி மாணவன்’ என்று வந்தது. மகிழ்ந்துபோனோம். அவன் அம்மாவை அழைத்து, “இவன் காதால் கற்கும் பிள்ளை, அம்மா, எழுதச் சொல்லித் துன்புறுத்த வேண்டா” என்று அறிவுரையும் கூறினோம். மூன்று ஆண்டுகள் அவன் வாய்மொழியாகவே விடை சொன்னான். நாம் மதிப்பெண் போட்டோம்.

அவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றான். அங்கே தேசிய மொழியில் பாடம். வகுப்பு நிறையப் பிள்ளைகள். கரும்பலகையிலிருந்து குறிப்பெடுக்க வேண்டும். கட்டுரை எழுத வேண்டும். அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டான். பல ஆண்டுகள் கழித்துக் கமுந்திங் தொழிற்பேட்டைப் பக்கத்து உணவுக்கடை ஒன்றில் நம்மைக் கண்டு, எழுந்து வந்து வணங்கினான். நல்ல பையன், நல்ல வேலையும் செய்கிறான். பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே, “ஐயா, நீங்கள் என்னை எழுதச் சொல்லவே இல்லையே” என்றான். மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வெழுத அவனைக் கேட்டிருந்தார்களாம். எழுத்துத் தேர்வு என்றதும் மறுத்துவிட்டானாம்.

அன்று நாம் குடித்த தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

அறிஞர்கள் கண்டது என்ன?

2004இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் குழுவினர் இக்கொள்கைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, 71 வெவ்வேறு பாணி வகுப்புகள் இருந்தனவாம்! ஒரு பிள்ளையை எழுபத்தொரு விதமாகப் பெயரிடலாம் என்றால், எந்தப் பெயரை நம்புவது? 2008இல் அமெரிக்க உளவியலறிஞர் நால்வர், பாஷ்லர் என்பாரைத் தலைமையாகக் கொண்டு, அதுவரை நடந்த ஆய்வுகளை எடைபோட்டனர். பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு என்பது மெய். ஆயினும் விருப்பத்திற்கு ஏற்பப் பாடம் நடத்தினால் தேர்ச்சி கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு.

சற்று எண்ணினால் நமக்கே விளங்கும். மலேசியாவின் வரைபடத்தைக் காதால் மட்டும் கற்க முடியுமா? றகர ரகர ஒலி வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் கற்க முடியுமா? நீச்சலை எழுதிக் கற்பவர் உண்டா? எந்த வழி வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே முடிவு செய்கிறது. ஆதலால் பிள்ளையின் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டுவதை விட்டு, அவனிடம் இல்லாத வழிகளை ஒவ்வொன்றாகப் பழக்குவதே பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறோம். “என் பிள்ளை பார்த்தால்தான் படிப்பான்” என்று கூறிக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடும் பெற்றோரை இப்போது அடிக்கடி காண்கிறோம். நல்ல பாடக் காணொளிகள் உள்ளன; மறுக்கவில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் கருவியை வாங்கி வைத்துவிட்டு, “என்ன பார்த்தாய், சொல்” என்று கேளுங்கள். சொல்ல வரவில்லையானால் அந்த அரைமணி நேரம் பொழுதுபோக்காகவே கழிந்தது என்று கொள்ளலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லுதல். 2006இல் ரோடிகர், கார்பிக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தனர். மற்றொரு பகுதியினர் ஒரு முறை மட்டும் வாசித்து, மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, வாசித்தவர்களே முந்தினர்: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடும், நினைவுகூர்ந்தவர்களுக்கு 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. தந்தையாரே, உங்கள் மகன் இரவில் ஒப்பித்து, பின்னர் விழிப்பதன் காரணங்களுள் ஒன்று இதுவே. வாசித்த சூட்டில் கேட்டால் எவரும் சொல்லுவர். நாளைக்குக் கேளுங்கள், மூன்று நாள் விட்டுக் கேளுங்கள், கேள்வியின் முகத்தை மாற்றிக் கேளுங்கள்.

இந்த நாள் விட்டுக் கேட்பதைப் பற்றித் தோட்ட மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வெட்டி ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் பால் ஊறும். மனமும் ஏறக்குறைய அவ்வாறே. 1885இல் எபிங்காஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்தார். ஒரே மூச்சில் படிப்பதைக் காட்டிலும் இடைவிட்டுப் படிப்பது நிலைக்கும் என்று அவர் கண்டதை, பின்வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளன. தேர்வுக்கு முன்தினம் விடிய விடிய விழிப்பதை நிறுத்தி, நாளும் பதினைந்து நிமிடம் ஒதுக்கச் செய்யுங்கள்.

அடுத்து, பிள்ளையை ஆசிரியராக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் செய்யக்கூடியது இது. சொல்லப்போனால் அவர்களே இதற்கு மிகவும் தகுதியானவர்கள். “நான் படித்ததில்லையடி, இன்று என்ன பாடம், எனக்கு விளங்குகிற மாதிரி சொல்” என்று அடுப்படியில் உட்கார வைத்துக் கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். “ஏன்?”, “அப்படியென்றால்?” என்ற இரு சொற்களே போதும். புத்தகச் சொற்களை விட்டுத் தன் சொற்களைத் தேடத் தொடங்கும்போதுதான் பிள்ளைக்குப் பொருள் பிடிபடும். திண்ணைப் பள்ளியில் விடுபட்டதாக நாம் முன்னே கூறியது இதைத்தான்.

மூன்றாவதாக, வரையச் செய்யுங்கள். சொல்லோடு படமும் சேர்ந்தால் நினைவுக்கு இரு கைப்பிடிகள் கிடைக்கின்றன என்று கனடிய அறிஞர் பைவியோ 1971இல் நூலெழுதி விளக்கினார். நம் நாட்டுப் பள்ளிகளில் 2012 முதல் சிந்தனை வரைபடங்கள் எட்டுக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். வட்ட வரைபடம், குமிழி வரைபடம், மர வரைபடம், நிரலொழுங்கு வரைபடம் என்று அடுக்குவார்கள். பெயரை அடுக்குவதோடு நிறுத்தாமல், “நம் வீட்டில் விடியற்காலை நாலரை மணி முதல் பால் நிறுக்கும் வரை நடப்பதை நிரலொழுங்கு வரைபடமாக வரைந்து காட்டு” என்று சொல்லுங்கள். பழைய நாட்காட்டியின் பின்பக்கம் போதுமானது.

நான்காவது, கையால் செய்து கற்றல். இதில் உங்களை விஞ்சுவார் இல்லை. விழுக்காடு என்ற பாடம் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கலங்க வைக்கிறது. உங்கள் ஊதியமோ விழுக்காட்டிலேயே ஓடுகிறது! பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காய்ந்த ரப்பர். மற்றவற்றில் பெரும்பகுதி நீர். ஸ்டோரில் சோதித்து 35 விழுக்காடு என்று எழுதினால், 20 கிலோ பாலுக்கு 7 கிலோ உலர் ரப்பர்; 30 விழுக்காடு என்று எழுதினால் 6 கிலோவே. அந்த ஒரு கிலோ எங்கே போயிற்று என்று பிள்ளையைக் கணக்கிடச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை அவன் முன்னே விரித்து வையுங்கள். கணக்கும் விளங்கும், பெற்றோரின் வியர்வையும் விளங்கும். ஒருவேளை சீட்டிலுள்ள பிழையையும் அவனே கண்டுபிடித்துத் தரக்கூடும்.

வீட்டில் மேசை இல்லை, இடமில்லை என்பீர்கள். உண்மைதான். நாம் கூறியவற்றுள் மேசை தேவைப்படுவது எழுத்து வேலைக்கு மட்டுமே. ஆனால் எழுத்து வேலையை விட்டுவிடாதீர்கள். நாம் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டா. பேசத் தெரிந்தவனை நாளும் ஐந்து வரி எழுத வையுங்கள். எழுதிக்கொண்டே இருக்கும் கூச்சமுள்ள பெண்பிள்ளையை நாளும் ஐந்து நிமிடம் வாய்திறந்து பேச வையுங்கள். எது வரவில்லையோ, அதற்கே பழக்கம் வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். எவ்வளவு பழக்கியும் எழுத்துகளை இடம்மாற்றிப் படிக்கும் பிள்ளை, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை, கூப்பிட்டால் இருமுறை கேட்டுத் திரும்பும் பிள்ளை இவர்களின் நிலை வேறு. அது பாணியும் அன்று, சோம்பலும் அன்று. ஆசிரியரிடம் கூறுங்கள், அரசாங்க மருந்தகத்தில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள பிள்ளைக்கு அடி உதவாது. தனிப் பயிற்சியே உதவும்.

தமிழகத்திலிருந்து ஒரு செய்தி

பல வழிகளில் கற்பித்தல் ஏழைப் பள்ளிகளில் நடக்குமா என்று ஐயுறுவோருக்குத் தமிழ்நாட்டின் அனுபவம் பயன்படும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கப்பட்டது. எம்.பி. விஜயகுமார் என்னும் அரசு அதிகாரி அதற்கு உந்துதலாக இருந்தார். ஆந்திரத்து ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையே அதற்கு முன்மாதிரி. பிள்ளைகள் பெஞ்சை விட்டுப் பாயில் வட்டமாக அமர்ந்தனர். பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏணிப்படி ஒன்றில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறினான். காய்ச்சலால் மூன்று நாள் வராதவன், விட்ட படியிலிருந்தே தொடர்ந்தான். சுவரின் கீழ்ப்பகுதி முழுதும் கரும்பலகை. பிள்ளைக்குக் கையெட்டும் உயரத்தில் அவனுக்கென்று ஓரிடம். 2007ஆம் ஆண்டு வாக்கில் இது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது.

குறைகளும் இருந்தன. அட்டை மாற்றுவதே பாடமாகிப் போன வகுப்புகள் உண்டு, “பிள்ளை ஓடி விளையாடுகிறான், படிப்பது எப்போது?” என்று கேட்ட பெற்றோர் உண்டு. முறை பின்னர் மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் எட்டியுள்ள நிலையால் பிரிக்கின்றனர். இந்தப் பெயர்கள் நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ‘செவிவழி மாணவன்’ என்பது நிலைத்துவிடும் பெயர். அரும்பு என்பதோ நாளை மொட்டாக வேண்டிய பெயர்.

ஆறாம் ஆண்டுக்குப் பின்

நம் பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை ஆறாம் ஆண்டு முடிந்தபின் வருகிறது. தமிழில் கற்ற அறிவியலும் கணிதமும் படிவம் ஒன்றில் வேறு மொழி உடுத்தி நிற்கும். தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர நேரிடுகிறது. மனப்பாட வழி ஒன்றையே நம்பிய பிள்ளை இங்கேதான் கை நழுவிப் போகிறது. மொழி மாறியவுடன் மனப்பாடம் செய்த வாக்கியம் பயனற்றுப் போகிறது. விளங்கிக்கொண்ட பொருளோ உடன் வருகிறது. ஆகவே ஐந்தாம் ஆண்டிலிருந்தே ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள்: தமிழில் விளக்கிய பாடத்தையே மறுநாள் மலாய்மொழியில் விளக்கச் செய்யுங்கள். சொல் வராத இடத்தில் படம் வரையட்டும். பிறகு அந்தச் சொல்லைத் தேடிக் குறித்துக்கொள்ளட்டும்.

இதை நாம் சும்மா சொல்லவில்லை. கூட்டம் தொடங்குமுன் முன்வரிசையிலிருக்கும் ஐந்தாம் ஆண்டுப் பெண்ணொருத்தியை அழைத்து, “தைப்பிங்கில் மட்டும் ஏனம்மா இத்தனை மழை?” என்று கேட்டோம். ஒரு காலத்தில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் அல்லவா இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. முதலில் அவள் நீர்ச்சுழற்சிப் பாடத்தை அப்படியே ஒப்பித்தாள். “பாடம் சரி, நம் ஊருக்கு ஏன்?” என்றோம். வாயடைத்து நின்றாள். கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்தோம். கடலை வரைந்தாள்; பின்னால் பிந்தாங் மலைத்தொடரை வரைந்தாள்; காற்றுக்கு ஓர் அம்பு போட்டாள். அம்பு மலையில் முட்டி நின்றது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “ஐயா, காற்று மேலேதானே ஏறும்! மேலே குளிர்… எங்கள் அம்மா சோற்றுப்பானை மூடியில் தண்ணீர் சொட்டுமே, அது மாதிரி” என்றாள். பிறகு அதையே திக்கித் திக்கி மலாயிலும் கூறினாள். தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். அவள் தாயார் இங்கேதான் இருக்கிறார். தம் பானை மூடி பாடமாகும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்திற்குப் பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். பாடநூல்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். ஒவ்வொருவரும் தாம் படித்த ஒன்றைத் தம் தாய் தந்தையருக்கு விளக்கிக் காட்ட ஐந்து நிமிடம் கொடுக்கப்படும், பெற்றோர் “ஏன்?” என்று கேட்டுப் பழகிக்கொண்டு வர வேண்டும். தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட அந்தத் தந்தையார் தம் மகனோடு முதலில் வருவதாகக் கூறியுள்ளார். மழை பெய்தாலும் கூட்டம் நடைபெறும்.